இருட்டில் ஏரியின் மட்டத்தை யார் பார்ப்பது? திருப்பதி வெள்ளமும் லேசர் கணக்கும்

2021 நவம்பர் 18. திருமலையில் மழை கொட்டித் தீர்த்தது. மலைப்பாதைகளில் வெள்ளம் அருவியாக இறங்கியது, போக்குவரத்து நின்றது. திருப்பதி தெருக்களில் வண்டிகள் அடித்துக்கொண்டு போகும் வீடியோக்கள் அன்று உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். மறுநாள் 19-ம் தேதி காலை, பக்கத்துக் கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையின் மண்கரை உடைந்தது. கீழே இருந்த கிராமங்களில் பலர் உயிரிழந்தார்கள்.

அடுத்த பயம் திருப்பதிக்கு அருகே ராமச்சந்திராபுரம் மண்டலத்தில் இருக்கும் ராயலசெருவு. விஜயநகரக் காலத்து ஏரி என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த வார இறுதியில் அதன் கரையில் கசிவு தெரிந்தது. கீழே உள்ள ஊர்களை உடனே காலி செய்யச் சொன்னார்கள். மணல் மூட்டைகளை அடுக்கி, இரவு பகலாகக் கரையைப் பலப்படுத்தினார்கள். கரை தாங்கியது. பலர் அந்த இரவுகளை முகாம்களில் கழித்தார்கள்.

அந்த மாதிரி ஒரு இரவில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு?"

பெரும்பாலான ஏரிகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது மதகு அருகே பெயின்ட் அடித்த ஒரு அளவுகோலும், டார்ச் லைட்டோடு அதைப் பார்க்கப் போகும் ஒரு மனிதரும்தான். கரை உடையுமோ என்று ஊரையே காலி செய்கிற நேரத்தில், அதே கரைமேல் ஏறி அளவு பார்க்க ஒருவரை அனுப்புகிறோம். இதற்கு மாற்றாகத்தான் தண்ணீரைத் தொடாமல், தூரத்திலிருந்து ஒளியை வைத்து மட்டம் பார்க்கும் கருவிகள் வந்திருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே சொதப்புகின்றன, சித்தூர்–திருப்பதி ஏரிகளுக்கு எது பொருந்தும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு சென்டிமீட்டருக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏரியின் நீர்ப்பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் என்று வையுங்கள். அதில் மட்டம் 1 சென்டிமீட்டர் ஏறினால், கூடுதலாக வந்த தண்ணீர் 10,000 கன மீட்டர். அதாவது 1 கோடி லிட்டர். அளவு பார்ப்பவர் இருட்டில் 10 சென்டிமீட்டர் தப்பாகப் படித்தால், கணக்கில் 10 கோடி லிட்டர் காணாமல் போகிறது.

ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிய ஆரம்பித்துவிட்டால் கணக்கு இன்னும் மோசமாகும். கலங்கல்மேல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓடும் தண்ணீர் 60 சென்டிமீட்டர் ஆனால், வெளியேறும் அளவு இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் நினைப்போம். உண்மையில் கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆகும். உயரம் கூடுவதைவிட வேகமாக ஓட்டம் கூடும் என்பது கலங்கல்களின் இயல்பு.

அதனால் மட்டம் எவ்வளவு என்பதோடு, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதும் தெரிய வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதிய நோட்டில் அந்த வேகம் தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங் இருந்தால் தெரியும்.

தொடாமல் அளப்பது எப்படி?

தண்ணீரைத் தொட்டு அளக்கும் முறைகள் பழையவை, எளியவை. கிணறு மாதிரி ஒரு குழாய்க்குள் மிதவை போடலாம். அடியில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரை இறக்கலாம். சிக்கல் வெள்ளத்தின்போது வரும். மரக்கட்டை வந்து மோதும், குழாயில் வண்டல் அடைக்கும், கேபிள் அறுந்து போகும். எந்த நாளுக்காகக் கருவியை வைத்தோமோ அந்த நாளில் அது இருக்காது.

தொடாத முறையில் கருவி பாலத்திலோ கம்பத்திலோ மேலே தொங்கும், கீழே தண்ணீரைப் பார்க்கும். தனக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கும். கருவி இருக்கும் உயரத்திலிருந்து அந்தத் தூரத்தைக் கழித்தால் நீர்மட்டம். அவ்வளவுதான் தத்துவம்.

தூரத்தை அளக்க எதை அனுப்புகிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஒலியை அனுப்பினால் அல்ட்ராசோனிக். ரேடியோ அலையை அனுப்பினால் ரேடார். ஒளியை அனுப்பினால் லேசர்.

வீட்டில் இன்டீரியர் வேலை பார்க்க வந்தவர் கையில் ஒரு சின்ன லேசர் கருவி பார்த்திருப்பீர்கள். சுவரில் சிவப்புப் புள்ளி விழும், தூரம் ஸ்கிரீனில் வரும். அதே சங்கதிதான் இங்கும். ஒளி ஒரு நானோ செகண்டில், அதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில், சுமார் 30 சென்டிமீட்டர் போகும். கருவி 20 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒளி தண்ணீர்வரை போய்த் திரும்ப சுமார் 133 நானோ செகண்ட் ஆகும். 1 சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், ஒரு நானோ செகண்டில் சுமார் 15-ல் ஒரு பங்கு நேரத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இன்றைய எலக்ட்ரானிக்ஸுக்கு அது சாதாரணம்.

ஒலியைவிட ஒளி மேல் என்று சொல்ல வெயில் ஒரு காரணம். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் சென்சார், வெளிக்காற்றின் வெப்பத்தை 10 டிகிரி தப்பாகக் கணித்தால், 10 மீட்டர் தூரத்தில் சுமார் 17 சென்டிமீட்டர் பிழை வரும். ராயலசீமை வெயிலில் இது நடக்காத விஷயம் இல்லை. ஒளிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இந்தத் தொழில்நுட்பம் இந்தப் பகுதிக்குப் புதிதும் இல்லை. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் காதங்கி என்ற ஊர் இருக்கிறது. அங்கேதான் விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் தேசிய வளிமண்டல ஆய்வகம் உள்ளது. 1998 முதல் அங்கே பச்சை நிற லேசரை வானத்தை நோக்கி அனுப்பி, காற்று மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து வளிமண்டலத்தை ஆராய்கிறார்கள். இதற்குப் பெயர் லிடார். அனுப்பிய ஒளி திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று பார்ப்பதுதான் அங்கும் அடிப்படை. அவர்கள் மேலே பார்க்கிறார்கள், ஏரிக்காரர்கள் கீழே பார்க்க வேண்டும்.

அப்போ லேசரை மாட்டிட்டா போதுமே?

போதாது. லேசருக்கு வில்லன் தண்ணீரேதான்.

தெளிந்த நீர்ப்பரப்பில் ஒளி நேர்செங்குத்தாக விழுந்தால், சுமார் 2 சதவீதம்தான் திரும்பி வரும். மீதி உள்ளே போய்விடும். அந்த 2 சதவீதமும் கண்ணாடியில் பட்டது மாதிரித் திரும்பும். கருவி கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒளி வேறு பக்கம் போய்விடும், சென்சாருக்கு ஒன்றும் வராது.

இரண்டாவது சிக்கல், உள்ளே போன ஒளி ஏரியின் தரையில் பட்டுத் திரும்பலாம். அப்போது கருவி மேற்பரப்பை விட்டுவிட்டுத் தரையின் தூரத்தைக் காட்டும். அதுகூடச் சரியாகக் காட்டாது. தண்ணீருக்குள் ஒளியின் வேகம் குறைவு என்பதால், 1 மீட்டர் ஆழம் 1.33 மீட்டர் மாதிரித் தெரியும். அகச்சிவப்பு லேசரைத் தண்ணீர் சீக்கிரம் உறிஞ்சிவிடும். எனவே அதைப் பயன்படுத்தினால் தரையின் எதிரொலி வராது. மட்டக் கருவிகள் பல அகச்சிவப்பைத் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணம்.

வெள்ளத் தண்ணீர் கலங்கலாக, செம்மண் நிறத்தில் வரும். மண் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால், சாதாரண நாளைவிட வெள்ள நாளில் லேசருக்கு நல்ல சிக்னல் கிடைக்கும். ஆனால் வெள்ள நாளில் மழையும் இருக்கும், மலையடிவாரத்தில் பனிமூட்டமும் இருக்கும். துளிகளில் பட்டு ஒளி பாதி வழியிலேயே திரும்பிவிடும். ஒரு பக்கம் லாபம், இன்னொரு பக்கம் நஷ்டம்.

இதே லேசர், சித்தூரில் மாம்பழக்கூழ் நிரப்பிய தொட்டிக்கு மேலே இருந்தால் பிரச்சினை குறைவு. கூழ் ஒளியை உள்ளே விடாது, தொட்டிக்குள் மழையும் பெய்யாது. தொழிற்சாலையில் வெற்றி பெற்ற கருவியை அப்படியே ஏரிக்கரைக்கு எடுத்து வந்தால் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இதுதான் விடை.

ரேடாரும் கேமராவும் எங்கே வருகின்றன?

ஆறுகளிலும் அணைகளிலும் இன்று அதிகம் மாட்டப்படும் தொடாத கருவி ரேடார்தான். ரேடியோ அலைகளைத் தண்ணீர் ஒளியைவிடப் பல மடங்கு நன்றாகத் திருப்பி அனுப்பும். பனிமூட்டம் அதைத் தடுக்காது, மழை ஓரளவுதான் தொந்தரவு செய்யும். நேரக் கணக்கு லேசரைப் போலத்தான், அனுப்பும் அலை மட்டும் வேறு.

சின்ன ஏரிகளுக்கு ஒளி வழியில் இன்னொரு தீர்வு இருக்கிறது: கேமரா. ஏற்கெனவே இருக்கும் அளவுகோலை ஒரு கேமரா படம் எடுக்கும். தண்ணீர்க் கோடு எந்த எண்ணில் வெட்டுகிறது என்று சாஃப்ட்வேர் படிக்கும். இரவில் அகச்சிவப்பு விளக்கு உதவும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் சாட்சி. ரேடார் ஒரு எண்ணை மட்டும் கொடுக்கும். கேமரா எண்ணோடு படத்தையும் கொடுக்கும். ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா, கரை சரிந்திருக்கிறதா, மதகு திறந்திருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். எண் தப்பாக இருந்தால் படத்தை வைத்துத் திருத்தலாம்.

குறைகளும் உண்டு. லென்ஸில் சிலந்தி வலை கட்டும். அளவுகோலில் பாசி படியும், பெயின்ட் உதிரும். மாதம் ஒருமுறை ஒருவர் போய்த் துடைக்க வேண்டும். அந்த ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்காத திட்டம் இரண்டாவது பருவமழைக்குள் குருடாகிவிடும்.

செயற்கைக்கோள் பார்க்காதா?

பார்க்கும், ஆனால் அவசரத்துக்கு உதவாது. 2018 செப்டம்பரில் நாசா அனுப்பிய ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள், காதங்கியில் பயன்படுவது போன்ற பச்சை லேசரை நொடிக்கு 10,000 தடவை பூமியை நோக்கி அனுப்புகிறது. ஏரிகளின் மட்டத்தையும் அதில் அளக்கலாம். ஆனால் ஒரே பாதைக்கு அது திரும்பி வர 91 நாள் ஆகும். மேகம் இருந்தால் லேசர் நுழையாது. 2022 டிசம்பரில் போன ஸ்வாட் செயற்கைக்கோள் ரேடாரைப் பயன்படுத்துவதால் மேகம் தடையில்லை. அதன் சுற்று 21 நாள்.

ஒரு வருடத்தில் மாவட்டத்து ஏரிகள் எவ்வளவு நிரம்பின என்ற கணக்குக்கு இவை பொக்கிஷம். நவம்பர் இரவு இரண்டு மணிக்கு ராயலசெருவில் என்ன நடக்கிறது என்று இவற்றைக் கேட்க முடியாது.

சட்டம் எந்த ஏரியைப் பார்க்கிறது?

அன்னமய்யா அணை உடைந்த அடுத்த மாதமே, 2021 டிசம்பரில், அணைப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அணைகளில் அளவீட்டுக் கருவிகள் வைப்பது, அருகில் மழை–நீர் அளவீட்டு நிலையம் அமைப்பது உரிமையாளரின் கடமை என்று அது சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். 10 மீட்டருக்குக் கீழே என்றால் சட்டம் தொடாது.

சித்தூர்–திருப்பதிப் பகுதியின் நீர்க்கதை ஆயிரக்கணக்கான ஏரிகளின் கதை. மேல் ஏரி கோடி போனால் கீழ் ஏரிக்கு வரும், அது நிரம்பினால் அடுத்ததுக்குப் போகும். இந்தச் சங்கிலியில் மேலே ஒரு சின்ன ஏரி உடைந்தால், அந்தத் தண்ணீர் மொத்தமாகக் கீழே இருக்கும் பெரிய ஏரியில் வந்து விழும். அதனால் "சின்ன ஏரிதானே" என்று விட முடியாது. ஆனால் கருவியும் பணமும் பெரிய அணைகளில் நின்றுவிடுகின்றன. 2016-ல் ஒப்புதல் பெற்ற தேசிய நீரியல் திட்டம், சுமார் 3,680 கோடி ரூபாயில், ஆறுகளிலும் அணைகளிலும் தானியங்கி அளவீட்டைப் பரப்பியது. ஆந்திர அரசின் நீர்வளத் தகவல் தளத்தில் அணைகளின் மட்டத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த அடி, ஊர் ஏரிவரை போவதுதான்.

எல்லாக் கரையிலும் விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒவ்வொரு சங்கிலியிலும் எந்த ஏரி உடைந்தால் அதிகம் பேர் பாதிக்கப்படுவார்கள் என்று பார்த்து, அங்கே ரேடார் வைக்கலாம். மற்ற இடங்களில் அளவுகோலும் கேமராவும் போதும்.

சென்னைக்கும் இதில் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். ஆரணி ஆற்றின் குறுக்கே ஆந்திராவில் இருக்கும் பிச்சாட்டூர் அணையின் கொள்ளளவு சுமார் 1.85 டிஎம்சி. வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பித் திறந்தால், தண்ணீர் சுருட்டப்பள்ளி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழையும். ஊத்துக்கோட்டை தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்ற செய்தியைப் பலமுறை படித்திருப்போம். அங்கிருந்து பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. சித்தூர் மாவட்டத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு வழியாகப் பூண்டி ஏரிக்கு வரும். சித்தூர் வழியாக ஓடும் நீவா நதிதான் வேலூர்ப் பக்கம் பொன்னை ஆறாகி, பாலாற்றில் சேர்கிறது.

மேலே மட்டம் ஏறும் வேகம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பொதுவெளியில் வந்தால், திருவள்ளூரிலும் ராணிப்பேட்டையிலும் இருப்பவர்களுக்குச் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆடு மாட்டை ஓட்டிப் போகவும், வயதானவர்களைத் தூக்கிப் போகவும் அந்த நேரம் வேண்டும். இன்று அது பெரும்பாலும் அதிகாரிக்கு அதிகாரி போன் செய்யும் வேகத்தில் வருகிறது. தண்ணீருக்கு மாநில எல்லை கிடையாது, டேட்டாவுக்கும் இருக்கக் கூடாது.

மட்டம் தெரிந்தால் மட்டும் போதுமா?

போதாது. அன்னமய்யா அணையில் ஐந்து ஷட்டர்களில் ஒன்று வேலை செய்யவில்லை என்று அப்போதைய மத்திய ஜல்சக்தி அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத் மாநிலங்களவையில் சொன்னார். திறக்காத ஷட்டருக்கு எந்த சென்சாரும் மருந்தாகாது.

இன்னொரு ஓட்டை வண்டல். மட்டம் என்பது ஒரு உயரம் மட்டும். அந்த உயரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று சொல்வது ஒரு பழைய அட்டவணை. ஏரி தோண்டிய காலத்திலோ, கடைசியாக அளந்த காலத்திலோ போட்டது. அதற்குப் பிறகு வண்டல் சேர்ந்திருந்தால், அட்டவணை சொல்வதைவிடக் குறைவான தண்ணீர்தான் அந்த ஏரியில் நிற்கும், அதாவது எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நிரம்பும். சென்சார் சரியாகச் சொன்னாலும் முடிவு தப்பாகும்.

இங்கேதான் லேசர் தன் முழுத் திறமையைக் காட்டும். மே மாதம் ஏரி வற்றிக் கிடக்கும்போது, லிடார் கட்டிய டிரோனைப் பறக்கவிட்டால், ஏரித் தரையின் மேடு பள்ளத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் வரைந்துவிடலாம். தெளிந்த நீரும் இல்லை, மழையும் இல்லை, பனிமூட்டமும் இல்லை. லேசரைத் தடுமாற வைத்த எதுவும் அப்போது கிடையாது. அந்த வரைபடத்திலிருந்து புது அட்டவணை போட்டுவிட்டால், நவம்பரில் அளவுகோல் காட்டும் ஒரு சாதாரண எண்கூட நம்பத் தகுந்த கொள்ளளவாக மாறும். கரை எங்கே தாழ்ந்திருக்கிறது, கலங்கலுக்குப் போகும் வழியை யார் அடைத்து வீடு கட்டியிருக்கிறார்கள் என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் இதைப் பொதுவில் வைக்கச் சிலர் தயங்குவார்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

உங்கள் சொந்த ஊர் ஏரிக்கு அடுத்த முறை போகும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். மதகு பக்கத்தில் அளவுகோல் இருக்கிறதா, அதில் எண்கள் படிக்கிற மாதிரி இருக்கின்றனவா? அந்த எண்ணை யார், எத்தனை மணிக்கு ஒருமுறை, எங்கே எழுதுகிறார்கள்? கடைசியாக அந்த ஏரியின் கொள்ளளவை எந்த வருடம் அளந்தார்கள்? நீர்வளத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்கலாம். ஆந்திரா, தமிழ்நாடு இரண்டு பக்கமும் இதே மூன்று கேள்விதான்.

ரேடாரா, லேசரா, கேமராவா என்பதை இன்ஜினியர்கள் தீர்த்துக்கொள்வார்கள், அது கஷ்டமான பகுதி இல்லை. கஷ்டமான பகுதி, அந்த எண் கரையிலிருந்து கிளம்பி, நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டின் போன்வரை வந்து சேர்வது. அதுவரை, அடுத்த நவம்பரிலும் யாரோ ஒருவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு, நனைந்த கரைமேல் நடந்து போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கும்.